வளரிளம் பிள்ளையை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது எப்படி: திருநெல்வேலி வட்டாரத்துப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்கு வயது 13-க்கு மேல், 18-க்குள். சில மாதமாக எரிந்து விழுகிறான், அல்லது அறையை விட்டு வெளியே வருவதில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள், கையில் கீறிக்கொள்கிறாள். என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்பதை வரிசையாகக் கீழே பார்க்கலாம்.

டாக்டரைக் கண்டுபிடிப்பது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. குடும்பங்கள் இடறுவது இரண்டு இடத்தில்: முதல்முறை போவதற்கு முந்தைய நாள்களில் ஒன்று, மூன்றாம் முறை போக வேண்டிய தேதியில் இன்னொன்று. அதனால் அந்த இரண்டு இடத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

1. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். "நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்ற பேச்சு, பிடித்த பொருள்களை எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது, கையிலோ தொடையிலோ கீறல், வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, பல நாள் அழுத பிள்ளை திடீரென்று காரணமே இல்லாமல் அமைதியாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

கேட்பதற்குச் சுற்றி வளைக்க வேண்டாம். "செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதா, ராசா?" என்று அருகில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை. கேட்டதும் பெரும்பாலும் பிள்ளைக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். "ஆமா" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "எப்படின்னு யோசிச்சியா?" என்று மட்டும் அடுத்துக் கேளுங்கள். வழியும் யோசித்திருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்க முடியாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதே நாளில் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். வாழைக்கும் நெல்லுக்கும் வாங்கி வைத்த பூச்சிமருந்து, எலி மருந்து, ஆச்சியின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். சாவி பெரியவர் ஒருவர் இடுப்பில். சாக வேண்டும் என்ற வேகம் பல பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இருக்கக் கூடாது. பரணில் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பரணில் என்ன இருக்கிறது என்று வீட்டில் எல்லாரையும் விடப் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எதையாவது குடித்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் ஏறிவிடும். பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். பிள்ளை எழுந்து நடமாடுகிறானே என்று வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. சில விஷங்கள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பொய் சொல்பவர்களும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். எதைக் குடித்தான் என்பதை மறைத்தால் மருத்துவம்தான் தப்பாகப் போகும்.

2. வயசுச் சேட்டையா, மருத்துவம் தேவையா என்று அளந்து பாருங்கள்

கதவைச் சாத்திக்கொள்வதும் எதிர்த்துப் பேசுவதும் இந்த வயதில் இயல்பு. மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய தினமும் இப்படியே இருக்கிறதா? வீடு, பள்ளி, கூட்டாளிகள் என்று ஒரு இடத்துக்கு மேல் பாதிக்கிறதா? முன்பு செய்துகொண்டிருந்த ஒன்று (படிப்பு, கபடி, குளிப்பது, சாப்பிடுவது) நின்றுபோய்விட்டதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் காட்டிவிடலாம்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வர வேண்டும் என்பதில்லை. பலருக்குக் கோபமாகவும் வரும். "திமிர் பிடிச்சுப் போச்சு" என்று அடி வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உள்ளே இருப்பது மனச்சோர்வு.

காத்திருக்கக் கூடாத அடையாளங்களும் உண்டு. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்பது, சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது, தனியாகச் சிரித்துப் பேசுவது. நான்கைந்து நாளாக இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு களைப்பே இல்லாமல் ஓடியாடிப் பெரிய பெரிய பேச்சுப் பேசுவது. இவற்றுக்கு இரண்டு வாரக் கணக்குப் பார்க்காதீர்கள், உடனே போங்கள்.

3. நோட்டு ஒன்று போடுங்கள்

டாக்டரிடம் போய் உட்கார்ந்ததும் பெற்றோர் சொல்வது: "ரொம்பக் கோவப்படுதான் சார். சொன்ன பேச்சு கேக்கதே இல்ல." இதை வைத்து எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பத்து வகையான பிரச்சினைக்கும் இதே வாசகம்தான் வரும்.

நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் நான்கு வரி: எத்தனை மணிக்குப் படுத்து எழுந்தான், எத்தனை வேளை சாப்பிட்டான், பள்ளிக்கூடம் போனானா, என்ன நடந்தது. இப்படி: "செவ்வாய். ராத்திரி 2 மணிக்குப் படுத்தான், 11 மணிக்கு எந்திரிச்சான். ஒரு வேளைதான் சாப்பிட்டான். தங்கச்சி ரிமோட்டைக் கேட்டதுக்குச் சுவத்துல ஓங்கிக் குத்தினான். பத்து நிமிஷத்துல அழுதான்." அந்தக் கடைசி மூன்று வார்த்தையில் பெரிய தகவல் இருக்கிறது. குத்திவிட்டு அழுகிற பிள்ளையும் குத்திவிட்டுச் சிரிக்கிற பிள்ளையும் வேறு வேறு.

பெண்பிள்ளை என்றால் மாதவிலக்குத் தேதியையும் குறியுங்கள். அதற்கு முந்தைய வாரத்தில் மட்டும் மோசமானால் டாக்டர் யோசிக்கும் திசையே மாறும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய கதை: பிரசவத்தில் சிக்கல், சின்ன வயதில் வலிப்பு, தலையில் அடி, பேச்சு வரத் தாமதம், எந்த வகுப்பிலிருந்து மார்க் குறைந்தது. அதோடு குடும்பத்தில் யாருக்காவது மனநோய், தற்கொலை, குடி இருந்ததா என்பதும். இதைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுவார்கள், "எங்க குடும்பத்துல அப்படி யாருமே கிடையாது" என்பார்கள். சித்தப்பா ஏதோ ஒரு மாத்திரையில் நன்றாகத் தேறியிருந்தால், அந்த ஒரு தகவல் உங்கள் பிள்ளைக்குப் பல மாதத்தை மிச்சப்படுத்தலாம்.

நோட்டைப் பிள்ளை கண்ணில் படும்படி வைக்காதீர்கள். ஒரு வாரம் எழுதினாலும் போதும். நோட்டு நிறையட்டும் என்று போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த நாள்களில் செல்போனைத் திடீரென்று பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வரும் ரகளை நோயால் வந்ததா, போன் போனதால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாது. சில பிள்ளைகள் அந்த ஆத்திரத்தில் உயிருக்கே தீங்கு செய்துகொள்வார்கள். போனுக்குக் கட்டுப்பாடு வேண்டும்தான், அதை டாக்டரோடு பேசிய பிறகு படிப்படியாக வையுங்கள்.

4. யாரிடம் போவது

மருந்து எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருத்துவ உளவியலாளர் பரிசோதனைகளும் பேச்சுச் சிகிச்சையும் செய்வார், மாத்திரை எழுத மாட்டார். 'கவுன்சலர்' என்று பலகை வைக்க யாராலும் முடியும், என்ன படித்தார் என்று கேட்பதில் தப்பில்லை. நம்மூரில் 'நரம்பு டாக்டர்' என்ற சொல் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. அவர் வலிப்பு, பக்கவாதம் பார்க்கும் நரம்பியல் மருத்துவராக இருந்தால் அங்கே ஒரு நாள் வீணாகும்.

அரசு வழி: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. திருச்செந்தூர், ஆறுமுகநேரி பக்கத்து ஆள்களுக்குத் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியும், தென்காசி, கடையநல்லூர் ஆள்களுக்குத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனையும் கிட்டம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட நாள்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருவார். உங்கள் ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். மருந்து இலவசம்.

எங்கே போவதென்றே தெரியவில்லை, அல்லது நடுராத்திரி என்றால் 14416. டெலி-மானஸ் என்ற அரசுச் சேவை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பிள்ளையே நேரடியாகப் பேசலாம்.

உடம்புக் கோளாறும் மனக்கோளாறு போல வரும். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு, வெளியே தெரியாத வலிப்பு இதெல்லாம் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை எழுதினால் "மனசுக்குப் பாக்க வந்தா ரத்தம் எதுக்கு?" என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

5. பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள்

"வா, ஜங்ஷன் போய்ட்டு வருவோம், அல்வா வாங்கித் தாரேன்" என்று கூட்டிக்கொண்டு போய் மனநலப் பிரிவு வாசலில் இறக்கிவிடுவது இங்கே அன்றாடம் நடப்பது. அல்வா கொடுப்பது என்றால் நம்மூரில் வேறு அர்த்தமும் உண்டு, பிள்ளைக்கு அது புரியும். அன்றைக்கு உள்ளே வந்துவிடுவான், டாக்டரிடம் வாயைத் திறக்க மாட்டான். அடுத்த தடவை வீட்டு வாசலையே தாண்ட மாட்டான்.

முந்தின நாள் சாயங்காலம், ஒருவர் மட்டும், பிள்ளைக்கு யாரிடம் ஒட்டுதல் அதிகமோ அவர் சொல்லட்டும். அம்மாவாக இருக்கலாம், தாய்மாமாவாகவும் இருக்கலாம். குற்றத்திலிருந்து தொடங்காமல், பிள்ளைக்கே கஷ்டமாக இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: "ராத்திரி ஒனக்குத் தூக்கமே வர மாட்டேங்குல்லா, எனக்கும் அத பாத்துட்டு மனசு கேக்கல. அதுக்கு ஒரு டாக்டர் இருக்காரு. நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். பேசப் பிடிக்கலன்னா ஒக்காந்துட்டு வந்துருவோம்."

"நான் என்ன கோட்டியா (பைத்தியமா)?" என்று கேட்பான். அந்த ஒரு சொல்தான் இங்கே வழியை மறிப்பது. "கோட்டி இல்லலே. மூளையும் ஒடம்புலதான இருக்கு" என்பதோடு விட்டுவிடுங்கள், வாதம் செய்யாதீர்கள். சண்டையின்போது வீட்டில் யாரும் 'கோட்டி' என்றோ 'கீழ்ப்பாக்கத்துல சேத்துருவேன்' என்றோ சொல்லாமல் இருக்க வேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால் டாக்டர் என்பவர் தண்டனையாகிவிடுவார்.

வரவே மாட்டேன் என்றால் கையைக் காலைக் கட்டித் தூக்கிப் போகாதீர்கள். முதலில் பெற்றோர் மட்டும் நோட்டோடு போய் டாக்டரிடம் பேசலாம். அவர் வழி சொல்வார். உயிராபத்து என்றால் மட்டும் வேறு கணக்கு, அப்போது 108.

6. போகிற நாள்

ஓ.பி. காலையில்தான், கூட்டம் இருக்கும், முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கள். பிள்ளையை வெறும் வயிற்றில் கூட்டிப் போகாதீர்கள். பசியோடு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை டாக்டரிடம் பேசாது.

கையில் இருக்க வேண்டியவை: நோட்டு, ஆதார், பழைய சீட்டுகள், இப்போது எந்த நோய்க்காவது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் (நாட்டு மருந்து, லேகியம் உள்பட), கடைசி இரண்டு வருட மார்க் அட்டை. பெரியவர்கள் இரண்டு பேர் போதும். சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்று வேன் பிடித்துப் போகாதீர்கள். ஒருவர் பிள்ளையோடு உட்கார, மற்றவர் சீட்டுப் போட, மருந்து வாங்க. அப்பா வளைகுடாவில் இருந்தால், டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் போனில் கிடைக்கும்படி சொல்லிவையுங்கள். வீடியோ காலில் வந்து பிள்ளையைத் திட்டுவதற்காக அல்ல, தகவல் சொல்வதற்காக.

7. டாக்டர் அறையில்

டாக்டர் பெற்றோரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வார். இருங்கள். கதவிடுக்கில் காது வைக்காதீர்கள், வெளியே வந்ததும் "என்ன கேட்டாரு, என்ன சொன்ன?" என்று துருவாதீர்கள். கஞ்சா, கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலை), காதல், பள்ளியில் நடக்கும் கேலி, இவற்றையெல்லாம் பிள்ளை உங்கள் முன்னால் சொல்லாது. உயிராபத்தான விஷயம் என்றால் டாக்டரே உங்களிடம் சொல்லிவிடுவார்.

யாராவது பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்துகொண்டதாகப் பிள்ளை சொன்னால், 2012-ஆம் ஆண்டு போக்சோ (சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி அதைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டியது டாக்டரின் கடமை. 'குடும்ப மானம்' என்று அவரிடம் கெஞ்சிப் பயனில்லை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

வெளியே வருமுன் நான்கு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதைக்கு என்னவென்று நினைக்கிறீர்கள்? இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளில் வேலை செய்யும்? என்ன வந்தால் உடனே வர வேண்டும்? அடுத்த தேதி என்ன? முதல் நாளிலேயே நோயின் பெயர் கிடைக்காமல் போகலாம். இந்த வயதில் நாலைந்து முறை பார்த்த பிறகு பெயர் மாறுவதும் உண்டு. அதற்காக டாக்டரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

8. மாத்திரை: பெரும்பாலோர் விழும் குழி

எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் நாள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூக்ஸெட்டின் போன்ற மாத்திரை முழுதாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டல், தலைவலி போன்ற தொந்தரவு முதல் வாரத்திலேயே வரும். அதாவது கெட்டது முன்னால், நல்லது பின்னால். பத்தாம் நாள் "மாத்திர ஒத்துக்கல, ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துபவர்கள் சரியாகத் தப்பான நாளில் நிறுத்துகிறார்கள்.

அந்த முதல் சில வாரம் பிள்ளையைக் கண்காணிக்கவும் வேண்டும். சிலருக்கு உட்கார முடியாத படபடப்பும், அபூர்வமாகச் சாவு எண்ணம் கூடுவதும் நடக்கலாம். அப்படி வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போங்கள்.

அடுத்த குழி: நன்றாகிவிட்டது என்று மூன்றாம் மாதம் நிறுத்துவது. தேறிய பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். மூன்றாவது தேதிக்கு வராமல் போகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளை தேறியதால்தான் வருவதில்லை. ஒரு நாள் கூலி, பீடி சுற்றும் வேலை, பஸ் காசு எல்லாம் சேர்ந்து "இப்பதான் நல்லாருக்கானே" என்று சொல்ல வைக்கும். திரும்ப வரும்போது நோய் முன்பை விட முற்றியிருக்கலாம்.

குரல் கேட்பது, சந்தேகம் போன்றவற்றுக்குத் தரும் சில மருந்தில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பேய் பிடித்ததாகக்கூட நினைத்துவிடுவார்கள். உடனே ஆஸ்பத்திரி போனால் ஒரு ஊசியில் சரியாகிவிடும். வேறு சில மருந்தில் பசி கூடி எடை ஏறும், மாதவிலக்கு தள்ளிப்போகும். மாதம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போனால் டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுப்பார். மனநிலை ஏறி இறங்குவதற்குத் தரும் லித்தியம் என்றால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை கட்டாயம். வாந்திபேதி வந்து உடம்பில் நீர் குறைந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும். பெண்பிள்ளைக்கு அதே தொந்தரவுக்கோ வலிப்புக்கோ தரும் வால்புரோயேட் எழுதியிருந்தால் வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள். பிற்காலத்தில் கர்ப்பத்தின்போது சிசுவைப் பாதிக்கும் மருந்து அது.

'அடிமையாக்கிவிடும்' என்ற பயம் எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. குளோனசெபம், அல்பிரசோலம் போன்ற தூக்கம் தரும் மாத்திரைகளுக்குப் பொருந்தும். அவற்றைச் சொன்ன நாளுக்கு மேல் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் கடையில் வாங்காதீர்கள்.

மாத்திரை பெரியவர் கையால் போகட்டும், அட்டையும் பூட்டுக்குள் இருக்கட்டும். விழுங்கியதைப் பாருங்கள். விட்டுப்போன வேளைக்கு அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

9. பேச்சுச் சிகிச்சை

ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாரம் ஒன்றாகப் பல வாரம் போகும். பெற்றோரையும் மாறச் சொல்வார்கள். சிகிச்சை கசக்கத் தொடங்குவது அங்கேதான். "பிள்ளைய சரிபண்ணுங்கன்னா எங்கள சொல்லுதாங்க" என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

10. கோயில், பள்ளிவாசல், மந்திரித்தல்

சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நேர்ச்சை இருக்கலாம், பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கோ புளியம்பட்டி அந்தோணியாருக்கோ வேண்டியிருக்கலாம். போய்விட்டு வாருங்கள், எந்த டாக்டரும் தடுக்க மாட்டார். மாத்திரையைக் கையோடு கொண்டு போங்கள். விரதம் என்று மருந்தை நிறுத்துவது, சங்கிலியில் கட்டுவது, சாட்டையால் அடிப்பது, இவற்றுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சங்கிலியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது.

11. பள்ளிக்கூடத்தில் எவ்வளவு சொல்வது

வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும், "சிகிச்சையில் இருக்கிறான், இந்த மாதம் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும்" என்ற அளவு போதும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கற்றல் குறைபாடு என்று தெரிந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகை உண்டு. சான்றிதழும் விண்ணப்பமும் தேர்வுக்குப் பல மாதம் முன்பே தயாராக வேண்டும். பிப்ரவரியில் ஓடினால் நடக்காது. தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

12. உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால்

18 வயதுக்குக் கீழ் என்றால் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவு பொருந்தும். பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரும் (அல்லது மனநல வல்லுநரும்) தனித்தனியாகப் பார்த்துச் சேர்க்கை தேவை என்று சொல்ல வேண்டும். பிள்ளையைப் பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பெற்றோரோ அவர்கள் அமர்த்தியவரோ முழு நேரமும் கூட இருக்கலாம், இருக்கவும் வேண்டும். பெண்பிள்ளைக்கு அப்பா மட்டும் இருந்தால் பெண் துணை ஒருவர் அவசியம். 'ஷாக்' (மின் அதிர்வுச் சிகிச்சை) வைத்துவிடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். சிறார்களுக்கு அது தடை. மிக அவசியம் என்றால் பெற்றோரின் சம்மதத்தோடும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியோடும் மட்டுமே செய்ய முடியும்.

13. 18 முடியும்போது

அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு சம்மதம் சொல்ல வேண்டியது பிள்ளைதான். டாக்டர் உங்களிடம் எதைச் சொல்லலாம் என்பதும் அவர்கள் கையில். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ காலேஜுக்குப் போகும் வயதும் அதுதான். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி, இதுவரை என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது என்ன அளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு பிரதி பிள்ளை பையில், ஒன்று வீட்டில், ஒரு படம் இருவர் போனிலும். புது ஊரில் பார்க்கப்போகும் டாக்டரின் முதல் தேதியையும் விடுதியில் இறக்கிவிடுவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.